வட்டத்தில் சொல்லாதது

புக்கித் தீமா சாலையை ஒட்டியிருந்த அந்தக் குதிரை லாயத்தில் ஒரு வழக்கம் உண்டு. காலைச் சவாரி முடிந்து, குதிரைகள் வேர்வை அடங்கி ஓய்ந்ததும், சவாரி செய்தவர்கள் எல்லாரும் அங்சானா மரத்தடியில் வட்டமாக நிற்பார்கள். ஒவ்வொருவனாக நடுவில் வர வேண்டும். மற்றவர்கள் முறை வைத்து அவன் சவாரியைப் பற்றிச் சொல்வார்கள். அன்றைக்கு அவன் நன்றாகச் செய்த ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். பிறகுதான் குறை. குறையைச் சொல்கிறவன் அதைத் திருத்தும் வழியையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். வழி தெரியாதவன் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். நடுவில் நிற்பவன் எதிர்த்துப் பேசக் கூடாது. "கேட்டுக்கிட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு விலக வேண்டும். வட்டத்துக்கு வெளியே யார் சவாரியைப் பற்றியும் யாரும் மூச்சுவிடக் கூடாது.

இந்தச் சட்டங்களைப் போட்டவன் தலைமைச் சவாரிக்காரன் மருதப்பன். பெரிய மனசோடு போட்டான் என்று நினைத்துவிட வேண்டாம். அடிதடி தாங்காமல் போட்டான். ஒன்பது வருடங்களுக்கு முன்பு, சிராங்கூன் ரோட்டு அப்துல் கஃபார் காப்பிக்கடையில், ஒருவன் இன்னொருவனுடைய சவாரியைப் பற்றி நக்கலடிக்கப் போக, மூன்று பெஞ்சும் ஒரு மண்டையும் உடைந்தன. உடைந்த மண்டை மருதப்பனுடையது. கட்டுப் போட்டுக்கொண்டு வந்த மறுநாளே வட்டம் ஆரம்பமாகிவிட்டது.

அந்த வட்டத்தில் உருவானவன்தான் அழகப்பன். குதிரைக்குப் புல் வெட்ட வந்தவன் அவன். முதல் முறை ஏறியபோது மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தான். "பயம் இல்லாம ஏறுற, அது நல்லது. ஆனா முழங்கால் திறந்து கெடக்குது. சேணத்துக்கும் முழங்காலுக்கும் நடுவுல ஒரு இலையை வச்சு இறுக்கிக்கிட்டு ஓட்டு, இலை விழக் கூடாது" என்றான் மருதப்பன். அழகப்பன் ஆறு மாதம் இலையோடு சவாரி செய்தான். மூன்றாவது வருடம், நாலடிக் கம்பை அவனைப் போலத் தாண்ட லாயத்துக்குச் சொந்தமான கிளப்பில் வெள்ளைக்காரர்களிலும் ஆள் இல்லை. மருதப்பன் தன் தங்கை பாக்கியலட்சுமியை அவனுக்குக் கட்டிக்கொடுத்தான். வட்டத்தில் ஒருநாளும் பொய் சொல்லாத மச்சான், கேட்டுக்கொண்டதை ஒருநாளும் மறக்காத மாப்பிள்ளை. இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு இருந்த நம்பிக்கையைப் பார்த்து மற்றவர்களுக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். கிளப்பை நடத்திய துரை சாங்கி சிறைக்குப் போனார். பதினெட்டுக் குதிரைகளில் ஐந்து மிஞ்சின. பதினான்கு ஆட்களில் எட்டுப் பேர் மிஞ்சினார்கள். ஊருக்கே சியோனான் என்று பேர் மாறிவிட்டது. கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் தள்ளி வைத்து, தோக்கியோவுக்கு விடிந்தால் நமக்கும் விடிந்தது என்றார்கள். வட்டம் மட்டும் மாறவில்லை. வயிற்றில் மரவள்ளிக்கிழங்கோடு நின்றாலும் நல்லதை முதலில் சொன்னார்கள், குறையைப் பிறகு சொன்னார்கள்.

லாயத்தைப் பார்த்துக்கொள்ள வந்த ஜப்பான் கேப்டனுக்குக் குதிரை என்றால் உயிர். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தன் குதிரைக்குத் தானே குளம்பு சுத்தம் செய்வான். ஆனால் அவனுக்கு இன்னொரு பைத்தியமும் இருந்தது. மனத்திடம். வாயைத் திறந்தால் மனத்திடம்தான். தீனி போதவில்லை என்றால் மனத்திடம், லாடத்துக்கு இரும்பு இல்லை என்றாலும் மனத்திடம். மனத்திடத்தைக் காய்ச்சி லாடம் அடிக்க முடியுமா என்று லாடக்காரர் முகைதீன் முணுமுணுப்பார்.

நாற்பத்து மூன்றாம் வருடம் மார்ச் மாதம் ஒரு காலையில் கேப்டன் வட்டத்தைப் பார்த்துவிட்டான். கணக்கு எழுதும் கிராணி பசுபதியைக் கூப்பிட்டு என்னவென்று விசாரித்தான். பசுபதி யாழ்ப்பாணத்து மனிதர். வேலை போய்விடக் கூடாதே என்று மாலை வகுப்பில் நிப்பொங்கோ, அதாவது ஜப்பான் பாஷை, படித்திருந்தார். அவர் விளக்கிச் சொல்லச் சொல்ல கேப்டனின் முகம் மலர்ந்தது. அருமையான பழக்கம், நடத்துங்கள், நானும் கேட்கிறேன் என்றான். யார் யாருக்கு என்ன குறை சொல்லப்படுகிறது என்பதைத் தினமும் எழுதித் தரும்படி பசுபதிக்கு உத்தரவு போட்டான்.

அதில் யாருக்கும் விகற்பம் தெரியவில்லை. மருதப்பனுக்கு உள்ளூரப் பெருமைகூட. அன்றைக்கு நடுவில் நின்றவன் அஸ்மத், பொயான் தீவிலிருந்து வந்தவன். மருதப்பன் வழக்கம்போலச் சொன்னான். "திருப்பம் நல்லா எடுத்த அஸ்மத். ஆனா கடிவாளத்த இழுத்துக்கிட்டே இருக்க, குதிரை வாய் புண்ணாயிடும். சுண்டு விரலை விட்டுட்டுப் பிடிச்சுப் பாரு லா."

"கேட்டுக்கிட்டேன்" என்று அஸ்மத் சிரித்தான். அவனுக்குத் தமிழ் தண்ணீர் பட்டபாடு.

நாலாம் நாள் லாரி வந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும், ஒவ்வொரு வேலையிடமும் ஒருவனைத் தர வேண்டும் என்று உத்தரவு. கேப்டன் பசுபதியின் நோட்டைப் புரட்டினான். அதிகக் குறை யாருக்கு எழுதியிருக்கிறதோ அவனுக்கு மனத்திடம் குறைவு, ரயில் பாதையில் அது வந்துவிடும் என்றான். அஸ்மத்தை லாரியில் ஏற்றினார்கள். சட்டையை மாட்டிக்கொள்ளக்கூட விடவில்லை. ஜப்பான் சக்கரவர்த்தி பிறந்தநாள் முடிந்ததும் இன்னும் இரண்டு பேர் தேவைப்படும் என்று சொல்லிவிட்டுக் கேப்டன் குளம்பு சுத்தம் செய்யப் போனான்.

"நான் என்ன செய்ய ஏலும்? எழுதாட்டி என்ர தலைதானே போகும்" என்றார் பசுபதி. அவரைத் திட்ட யாருக்கும் வாய் வரவில்லை. மருதப்பன் தன் சுண்டு விரலைப் பார்த்துக்கொண்டு நின்றான். தன் வாய்தான் அஸ்மத்தை அனுப்பியது என்று அவனுக்குத் தோன்றியது.

மறுநாளிலிருந்து வட்டத்தில் பாராட்டு மழைதான். யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. தானாக நடந்தது. சேணத்தில் தொங்கிக்கொண்டு வந்தவனை "கோயில் சிலை மாதிரி இருந்தே" என்றார்கள். குதிரை இழுத்துக்கொண்டு ஓடியதை "என்ன வேகம்!" என்றார்கள். திருத்தும் வழியைக் கேட்டால், திருத்த ஒன்றும் இல்லை. பசுபதி மளமளவென்று எழுதினார். வேறு காலமாக இருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார்கள். கேப்டனுக்குத் தலைகால் புரியவில்லை. தான் வந்து நின்றதாலேயே எல்லாருக்கும் மனத்திடம் பொங்கிவிட்டது என்று நம்பினான்.

அந்த நாட்களில்தான் மருதப்பன் அழகப்பனின் இடது காலைக் கவனித்தான்.

சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையமான அங்கவடியில் கால் நிற்கவில்லை. குதிரை தாண்டுவதற்கு எழும்பும்போது பாதம் வழுக்கிப் பின்னால் போனது. தரையில் நடக்கும்போதும் அந்தக் கால் தப்தப்பென்று விழுந்தது. ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான் இருந்தது. சத்துக் குறைவால் வரும் பெரிபெரி. பாக்கியலட்சுமிக்கு ஏழு மாதம். பங்கீட்டில் கிடைக்கிற அரிசியை எல்லாம் அழகப்பன் அவளுக்கு விட்டுவிட்டு, தான் கிழங்கை மட்டும் தின்றுகொண்டிருந்தான்.

பிறந்தநாள் விழாவில் தாண்டிக் காட்டப்போகிறவன் அழகப்பன்தான். கேப்டன் மேலதிகாரிகளை அழைத்திருந்தான். மைதானத்தில் ஐந்து தடுப்புகள், கடைசியில் நாலடிக் கம்பு. காலை இப்படி வைத்துக்கொண்டு அதைத் தாண்ட முடியாது என்பது மருதப்பனுக்கு வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. திருத்தும் வழியும் தெரிந்தது. குதிரையை விட்டு இறக்க வேண்டும், அரிசித் தவிடு கொடுக்க வேண்டும், ஒரு மாதம் ஏற விடக்கூடாது. வட்டத்தில் சொல்ல இதைவிடச் சரியான குறை ஒன்பது வருடத்தில் வந்ததில்லை. சொன்னால் பசுபதி எழுதுவார். எழுதினால் லாரி.

பாக்கியலட்சுமியிடம் போய்ச் சொன்னான். அவள் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அண்ணே, சொல்லிடாதீங்க. அஸ்மத் வீட்டுக்காரி தினமும் போலீஸ் ஸ்டேசன் வாசல்ல போய் நிக்கிறா. சயாமுக்குப் போனவுங்க யாராச்சும் திரும்பி வந்தாங்களா? புள்ள பொறக்குற நேரத்துல என்னை அப்படி நிக்க வச்சிடாதீங்க."

"நான் சொல்ல மாட்டேன் பாக்கியம்" என்று மருதப்பன் வாக்குக் கொடுத்தான்.

வட்டத்தில் சொல்லத்தானே முடியாது, தனியாகச் சொல்லிவிடுவோம் என்று அன்று மத்தியானம் அழகப்பனோடு சேர்ந்து நடந்தான். எருமைக் கொட்டகைகள் இருந்த பக்கமாக வரும்போது மெல்ல ஆரம்பித்தான்.

"மாப்ளே, ஒன் எடது காலு..."

அழகப்பன் நின்றுவிட்டான். "மச்சான், என்ன இது? வெளிய பேசக் கூடாதுன்னு சட்டம் போட்டது நீங்க. உங்க மண்ட ஒடஞ்ச கதைய நீங்களே எத்தனை வாட்டி சொல்லியிருக்கீங்க. என் காலப் பத்தி ஏதாச்சும் இருந்தா நாளைக்கு வட்டத்துல சொல்லுங்க. கேட்டுக்கிறேன்."

மருதப்பன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். இவன் என்ன, விளையாடுகிறானா? வட்டத்தில் இப்போது நடப்பதெல்லாம் நாடகம் என்று எல்லாருக்கும் தெரியும். இவனுக்கும் தெரியாமலா இருக்கும்? தெரிந்துகொண்டுதான் நாசூக்காக வாயை அடைக்கிறான், காலைப் பற்றி அவனே கவனித்துக்கொள்வான் என்று மருதப்பன் முடிவு கட்டிக்கொண்டான். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாகவும் இருந்தது. ரோட்டில் வைத்தே சட்டத்தை மீறிக் கத்தியிருக்கலாம். மீறவில்லை.

மறுநாள் வட்டத்தில் அழகப்பன் நடுவில் வந்து நின்றான். எந்நாளும் இல்லாத வழக்கமாக அவனே கேட்டான். "மச்சான், என் எடது காலு எப்படி இருக்கு?"

கேப்டன் இரண்டடி தள்ளி நின்றான். பசுபதியின் பென்சில் தாளின் மேல் தயாராக நின்றது. அவர் கண்கள் மட்டும் மருதப்பனைக் கெஞ்சின.

"நட்டு வச்ச மாதிரி இருக்குது மாப்ளே" என்றான் மருதப்பன். "ஒரு குறையும் இல்ல."

"கேட்டுக்கிட்டேன்" என்றான் அழகப்பன். முகம் தெளிந்து போனான்.

குறையைச் சொல்ல முடியாவிட்டால் என்ன, மருந்தையாவது கொடுத்துவிடலாம் என்று மருதப்பனுக்கு ஒரு யோசனை வந்தது. விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அழகப்பனுடைய சேணத்தின் இடது அங்கவடியில் கோணிச் சாக்கைக் கிழித்துச் சுற்றினான். பாதம் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். இரண்டு சுற்று போதாது என்று நாலு சுற்றுச் சுற்றி, சணலால் இறுக்கிக் கட்டினான்.

முகைதீன் வந்து எட்டிப் பார்த்தார். "இது என்னப்பா கட்டு?"

"வழுக்காம இருக்கத்தான் பாய்."

"அவன்கிட்ட சொன்னியா?"

"இல்ல."

"கால விடுறவனுக்குத் தெரியாம அங்கவடியில கை வைக்கலாமா?" என்றார் முகைதீன். அவரும் வட்டத்துக்கு வெளியேதான் பேசிக்கொண்டிருந்தார். அது நினைவுக்கு வந்ததோ என்னவோ, மேலே ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். மறுநாள் பயிற்சியில் அழகப்பன் செருப்பில்லாத காலோடு ஏறினான். பாதம் வழுக்கவே இல்லை. மருதப்பனுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது.

விழா ஃபேரர் பார்க் மைதானத்தில் நடந்தது. கிழக்கே பார்த்துக் கும்பிட்டார்கள், கூட்டம் மூன்று முறை கோஷம் போட்டது. கேப்டன் மகிழ்ச்சியில் சவாரிக்காரர்களுக்கெல்லாம் பட்டாளத்துப் பூட்ஸ் பரிசாகக் கொண்டுவந்திருந்தான். பெரிய மேலதிகாரிகள் பார்க்கும்போது வெறுங்காலோடு ஏறுவதாவது! அழகப்பன் அந்தப் பூட்ஸை மாட்டிக்கொண்டு சேணத்தில் ஏறினான். சாக்குச் சுற்றிய அங்கவடிக்குள் இடது பூட்ஸ் நுழைய மறுத்தது. மருதப்பன்தான் கீழிருந்து பிடித்து, அழுத்தி, உள்ளே தள்ளினான். இனி எங்கே வழுக்கப்போகிறது என்று நிம்மதியாகக் கடிவாளத்தை விட்டான்.

நாலு தடுப்பைக் குதிரை சுலபமாகத் தாண்டியது. கூட்டம் கை தட்டியது. நாலடிக் கம்புக்கு முன்னால் அது சட்டென்று நின்று பக்கவாட்டில் விலகியது. எந்தக் குதிரையும் எப்போதாவது செய்கிற காரியம்தான். அழகப்பன் எத்தனையோ தடவை அப்படி விழுந்து, புல்லைத் தட்டிவிட்டு எழுந்திருக்கிறான். இந்த முறையும் விழுந்தான். ஆனால் இடது கால் அங்கவடியை விட்டு வரவில்லை. மிரண்ட குதிரை அவனை இழுத்துக்கொண்டு ஓடியது. முதல் தடுப்பின் முளைக்கட்டையில் அவன் இடுப்பு மோதிய சத்தம் மருதப்பனுக்குக் கேட்டது. அவன் ஓடினான். என்ன கத்தினான் என்று அவனுக்கே தெரியாது. குதிரையைப் பிடித்து நிறுத்தியதும் சணலை அறுக்கக் கத்தி இல்லை. பல்லால் கடித்து இழுத்தான்.

அழகப்பன் உயிர் பிழைத்தான். இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. இனி குதிரை இல்லை, கோல் இல்லாமல் நடை இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

மறுநாளும் கேப்டன் வட்டத்துக்கு வந்தான். மேலதிகாரிகள் முன்னால் மானம் போன கோபத்தில் முகம் உப்பியிருந்தது. மருதப்பன் யாரும் கூப்பிடாமலே நடுவில் போய் நின்றான்.

"எல்லாரும் கேளுங்க. கிராணி, எழுதுங்க. அழகப்பன் காலு மரத்துப் போனது எனக்கு ஒரு மாசமாத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே நல்லா இருக்குன்னு சொன்னேன். அங்கவடியில சாக்கைச் சுத்துனதும் நான்தான். அவன்கிட்ட சொல்லாமச் சுத்துனேன். இதுதான் என் குறை."

பசுபதி எழுதவில்லை. "மருதப்பன், வாயை மூடும், கடவுளுக்காக" என்றார் மெதுவாக. கேப்டன் என்ன என்று அதட்டினான். பசுபதி கண்ணீரோடு மொழிபெயர்த்தார். பட்டியலில் முதல் பெயராக மருதப்பன் பெயர் ஏறியது. லாரி திங்கட்கிழமை வரும் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மருதப்பன் ஆஸ்பத்திரிக்குப் போனான். அழகப்பன் இடுப்புவரை கட்டுப் போட்டுக் கிடந்தான். பாக்கியலட்சுமி பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். சொல்லாதே என்று கெஞ்சியவள் அவளும்தானே.

"மாப்ளே" என்றான் மருதப்பன்.

"எனக்குக் கால் எங்க இருக்குன்னே தெரியல மச்சான்" என்றான் அழகப்பன். கோபம் இல்லாமல்தான் சொன்னான், அதுதான் தாங்க முடியவில்லை. "ரெண்டு மாசமா முழங்காலுக்குக் கீழ ஒண்ணும் தெரியல. அங்கவடியில இருக்கா, வெளிய இருக்கா, எனக்கே தெரியாது. யார்கிட்டக் கேக்குறது? வெளிய கேட்டா ஆறுதலுக்கு ஏதாச்சும் சொல்லிடுவாங்கன்னு பயம். அதான் லாரி வந்தாலும் வரட்டும்னு வட்டத்துல உங்களக் கேட்டேன். மத்தவுங்க ஆயிரம் சொல்லுவாங்க, மச்சான் வட்டத்துல பொய் சொல்ல மாட்டாரு. அவரு நல்லா இருக்குன்னா நல்லாத்தான் இருக்கும். காலு மரத்தது என் மனப்பிரமைன்னு நெனச்சுக்கிட்டு ஏறுனேன்."

மருதப்பன் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். நாடகம் என்று இவனுக்கும் தெரியும் என்று தான் நினைத்திருந்ததை எந்த வாயால் சொல்வது? அவனுக்கு அழுகை வந்தது. அடக்கவும் இல்லை.

"நாளைக்கு லாரி மாப்ளே. அதுக்கு முன்னாடி ஒன் வாயால கேட்டுட்டுப் போகணும். திட்டு. என்ன வேணாலும் சொல்லு."

"திட்டுறதா? நமக்கு ஒரு முறை இருக்குல்ல" என்றான் அழகப்பன். தலையணையில் கொஞ்சம் தலையை உயர்த்திக்கொண்டான். "நடுவுல நில்லுங்க."

மருதப்பன் கட்டிலின் கால்மாட்டில், இரண்டு கட்டில்களுக்கு நடுவே போய் நின்றான்.

"நல்லதை மொதல்ல சொல்லிடறேன். புல்லு வெட்ட வந்தவனைச் சவாரிக்காரனா ஆக்குனீங்க. ஒன்பது வருசம் எனக்குக் கண்ணாடி மாதிரி இருந்தீங்க. நேத்து கேப்டன் மூஞ்சிக்கு முன்னாடி நின்னு உண்மையச் சொன்னீங்களாம், முகைதீன் பாய் வந்து சொன்னாரு." அழகப்பன் மூச்சு வாங்கிக்கொண்டான். கண்களை மூடித் திறந்தான். "குறை ஒண்ணு இருக்கு மச்சான். ஆனா அதை எப்படித் திருத்துறதுன்னு எவ்வளவு யோசிச்சும் எனக்குத் தெரியல. வழி தெரியாதவன் குறையைச் சொல்லக் கூடாது. நீங்க போட்ட சட்டம்தான். அதனால நான் சொல்லல."

பாக்கியலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

மருதப்பன் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. பேசவும் கூடாது.

"கேட்டுக்கிட்டேன்" என்றான்.